துக்க வீட்டிலிருந்து கிளம்புவது

சனிக்கிழமை பிற்பகல் வகுப்பில் ஜூலியன் இலக்கணம் எடுப்பதில்லை. பிரிட்டனின் வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, அங்கே இருக்கும் இங்கிலீஷ்காரர், ஸ்காட்லாந்துக்காரர், வேல்ஸ்காரர், வட அயர்லாந்துக்காரர் என்ற நான்கு மக்களைப் பற்றிப் பேசுவான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் நர்சுகள். அங்கேயுள்ள மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்குப் போவதற்காக ஆங்கிலம் படிப்பவர்கள். ஊசி போட அவர்களுக்குத் தெரியும். போட்டுக்கொள்ளப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை ஜூலியன் சொல்லித்தர வேண்டும்.

அவன் பிரிட்டனுக்குப் போனதில்லை. புதுச்சேரி நெல்லித்தோப்பில் அவன் வளர்ந்த வீட்டில் பெரியவர்கள் பேசிய அந்நிய மொழி பிரெஞ்சு. அப்பா அருளானந்தம் பிரெஞ்சுப் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தவர். பொன்ழூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லாமல் காலைக் காபியைத் தொடமாட்டார். அண்ணன் பிரான்சுக்குப் போய்க் குடியேறினான். ஜூலியன் மட்டும் எப்படியோ ஆங்கிலப் புத்தகங்களுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டான். மழையும் குளிரும், ஒரே அறையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் கொண்ட அந்த நாடு அவனுக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் சனிக்கிழமைகளில் சொல்லித்தந்தான்.

"நாலு பேரும் வெள்ளக்காரங்கதான சார்?" என்றான் விஜய். வகுப்பிலேயே வாய் அதிகமுள்ளவன். "ஊசி ஏறுனா எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்துவாங்க."

"ஸ்காட்லாந்துக்காரர இங்கிலீஷ்காரர்னு சொல்லிப் பாருங்க. அப்ப வேற மாதிரி கத்துவார்."

"அதுல இன்னா சார் இருக்கு?"

"உங்க ஊரு எது?"

"கனகசெட்டிக்குளம்."

"யாராவது உங்கள தமிழ்நாட்டுக்காரர்னு சொன்னா?"

விஜய் கொஞ்சம் யோசித்தான். "எங்க வூட்டுக்கு அந்தாண்ட எங்க சித்தப்பா வூடு. அது தமிழ்நாடு. எலெக்சன் வந்தா அவருகிட்ட ஒரு கும்பல் கும்புடு போடும், எங்ககிட்ட வேற கும்பல் கும்புடு போடும். எங்க சித்தப்பாவ புதுச்சேரின்னு சொன்னாலே எங்கப்பா சண்டைக்குப் போவாரு சார்."

"அவ்ளோதான். அங்கயும் அப்படித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்த அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. கணவன் இறந்த பிறகு மகள் துர்காவோடு தவளக்குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அங்கே அவர்களுக்கென்று ஒதுக்கிய இடத்துக்குக் கதவு கிடையாது, ஒரு திரைதான். அண்ணி ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் துர்கா இரவில் பாடத்தை வாய்விட்டுப் படித்தால் டிவியின் ஒலி ஏறும். மகளைக் கூட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அஞ்சலாட்சிக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அதற்காக இரண்டு நேர்காணல்களுக்குப் போய் இரண்டிலும் தோற்றிருந்தாள். ஆளெடுக்கும் ஏஜென்சி ஒருவரின் பெயரை மூன்று முறைக்குமேல் அனுப்பாது. அடுத்த வியாழக்கிழமை ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சிறிய ஊரிலிருக்கும் முதியோர் இல்லத்துக்கு நடக்கவிருந்தது அவளுடைய மூன்றாவது.

"முதியோர் இல்லம்னா அங்க சாவு நடக்கும்," என்றான் ஜூலியன். "பிள்ளைங்க வருவாங்க. அவங்ககிட்ட எப்படி நடந்துக்கறதுன்னு நேர்காணல்ல நடிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. அதனால இன்னிக்கு அத பாக்கலாம்."

அவன் சொன்னான்: அவர்கள் உரக்க அழமாட்டார்கள். நீங்களும் அழக்கூடாது. எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று கேட்கக்கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. வருத்தத்தை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். தேநீர் வேண்டுமா என்று கேட்கலாம். அதன்பிறகு பேசாமல் கூட இருக்க வேண்டும். அந்த மௌனத்தை நிரப்ப முயலக்கூடாது.

"நம்மூர்ல இப்படி நின்னா, கல்லு மாதிரி நிக்கிறா பாருன்னு காறித் துப்பிடுவாங்க," என்றான் விஜய்.

"அதான் சொல்றேன். அங்க அது மரியாத."

அஞ்சலாட்சி கேட்டாள்: "பேசாம கூட இருந்தா அவங்களுக்குப் புரியுமா சார்?"

"புரியும்," என்றான் ஜூலியன். அதைச் சொல்லும்போது அவனுக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

*

வியாழக்கிழமை பயிற்சி நிலையத்தின் உள்ளறையில் மடிக்கணினியை வைத்து, அஞ்சலாட்சியை அதன் முன் உட்கார்த்தினார்கள். இணைப்பு அறுந்துவிட்டால் சரிசெய்ய ஜூலியன் ஜன்னலோரம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் இருப்பான் என்று முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். திரையில் இரண்டு பேர். இல்லத்தின் பொறுப்பாளர் ஐலா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். பக்கத்தில் ஹ்யூ என்கிற பெரிய உடம்புக்காரர், அங்கே மூத்த நர்சு.

மருந்து, படுக்கைப் புண், தவறி விழுந்தவரைத் தூக்குவது என்று கேட்டதற்கெல்லாம் அஞ்சலாட்சி சரியாகவே பதில் சொன்னாள். தன் ஆங்கிலம் தடுக்கும் இடங்களில் அவள் பதறவில்லை. நின்று, சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே போனாள். பிறகு ஐலா, இப்போது நடித்துக் காட்ட ஒரு சூழ்நிலை என்றார். ஹ்யூவின் தாயார் அந்த இல்லத்தில் இருந்தவர். இன்று காலை காலமாகிவிட்டார். ஹ்யூ இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்.

ஹ்யூ தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெரிய உடம்பு எப்படி அவ்வளவு சுருங்கியது என்று ஜூலியனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அஞ்சலாட்சி ஒரே ஒரு முறை வருத்தத்தைச் சொன்னாள். தேநீர் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றார். அதன்பிறகு அவள் பேசவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு தூரத்துக்கு அப்பாலிருக்கும் ஒரு மனிதரின் பக்கத்தில் ஒருத்தி உண்மையாகவே உட்கார்ந்திருப்பதைப் போல ஜூலியனுக்குத் தோன்றியது. இவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தான்.

கடைசியில் ஹ்யூ நிமிர்ந்து, "நன்றி. உங்களுக்கு வேறு வேலைகள் இருக்கும். நீங்கள் போங்கள்," என்றார்.

அஞ்சலாட்சி எழுந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையசைக்கக்கூட இல்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து, கேமராவின் பார்வையை விட்டு வெளியே வந்து, சுவரோரமாகத் தலைகுனிந்து நின்றாள்.

திரையில் அவர்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐலா அவள் பெயரை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"வேறு ஏதாவது சொல்ல இருந்ததா? அவரை விட்டுப் போகும்போது?" என்று கேட்டார் ஐலா.

அஞ்சலாட்சி யோசித்தாள். "இல்லை," என்றாள்.

ஐலா எதையோ குறித்துக்கொண்டார்.

*

அன்று மாலையே நிலையத்தை நடத்தும் சிவசங்கரிக்கு மின்னஞ்சல் வந்துவிட்டது. அவள் அதை ஜூலியனுக்குப் படித்துக் காட்டினாள். திறமை உண்டு, ஆங்கிலம் போதும். ஆனால் தாயை இழந்தவரை ஒரு சொல்கூட இல்லாமல் விட்டுவிட்டுப் போனார். கேட்டபோதும் அது தவறென்று அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் இல்லத்தில் இதை ஏற்க முடியாது.

"பேசாம இருக்கணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க சார்," என்றாள் சிவசங்கரி. குற்றம் சாட்டும் குரலில் இல்லை; அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது.

"கூட இருக்கும்போது பேசாம இருக்கச் சொன்னேன் மேடம். கெளம்பும்போது..." அவன் நிறுத்தினான். கிளம்புவதைப் பற்றி அவன் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் பணி முடிந்து, கையில் மருத்துவமனை வாசனையோடு அஞ்சலாட்சி வந்தாள். வகுப்பறையில் வேறு யாரும் இல்லை. ஜூலியன் மின்னஞ்சலில் இருந்ததைச் சொன்னான். அவளுக்கு அது புரியவில்லை.

"சாவு வூட்ல சொல்லிக்கினு கெளம்புவாங்களா சார்?" என்றாள்.

போன தவக்காலத்தில் அப்பா இறந்தபோது நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து கூட்டம் கலைந்த விதம் ஜூலியனுக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைத் தேடி, தெருவில் இறங்கினார்கள். யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் அவனுக்கு என்றைக்கும் சொல்லித்தந்ததில்லை. பிரான்சிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் மட்டும் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஓ ரெவ்வார், மறுபடி பார்ப்போம் என்று பிரெஞ்சில் சொல்லி வழியனுப்பினான். பெண்கள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்கள். ஜூலியன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிரிட்டன் மக்கள் துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவார்கள் என்ற கேள்வியே இத்தனை வருடங்களில் அவனுக்கு எழுந்ததில்லை. எல்லோரும் எழுந்து போவார்கள். அதில் என்ன இருக்கிறது?

மௌனத்தை நிரப்பக்கூடாது என்று அவன் சொல்லித்தந்ததும் எங்கிருந்து வந்தது? புத்தகங்களிலிருந்து என்றுதான் நினைத்திருந்தான். அப்பாவும் அவனும் பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள் எத்தனையோ. பிரிட்டன் மக்கள் என்ற பெயரில் அவன் தன்னைத்தான் வகுப்பில் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

"தப்பு எம்மேல," என்றான். "அவங்க ஊர்ல, கெளம்பும்போது சொல்லணும். எங்க போறேன், எப்ப திரும்பி வருவேன்னு. சொல்லாம போனா அவங்கள அம்போன்னு விட்டுட்டுப் போன மாதிரி. நான் மேடத்துகிட்ட பேசறேன். இன்னொரு பத்து நிமிஷம் கேட்டுப் பாக்கலாம். அந்த ஒரு வார்த்தைய சொல்லிட்டா போதும்."

"திரும்பி வருவேன்னா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டவில்லை.

"எங்க மாமனார் செத்தப்போ," என்றாள் மெதுவாக, "எங்க வூட்டுக்காரரோட வேல செஞ்ச ஒருத்தரு பெங்களூர்லேர்ந்து வந்திருந்தாரு. நல்ல மனுசன். கெளம்பும்போது வாசல்ல நின்னு, போயிட்டு வரேம்மா, சீக்கிரமே வரேன்னு சொன்னாரு. எங்க மாமியா வாயப் பொத்திக்கினாங்க. அடுத்த மாசமே கடலூர் ரோட்டுல எங்க வூட்டுக்காரரு வண்டில அடிபட்டுட்டாரு. அந்த ஆளு வந்தாரு சார். சொன்ன மாதிரியே சீக்கிரமா வந்தாரு."

ஜூலியன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

"நான் நர்சு. அந்த வார்த்தையால யாரும் சாவலன்னு எனக்குத் தெரியும். ஹெல்மெட்டு போடாமப் போனாரு, அதனால செத்தாரு. தெரியும் சார்." அவள் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். "ஆனா எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

*

சிவசங்கரி எழுதினாள். இது அலட்சியம் இல்லை, எங்கள் ஊர் வழக்கம் என்று மட்டும் எழுதச் சொன்னான் ஜூலியன். திங்கட்கிழமை பதில் வந்தது. மறுநாள் பிற்பகல் பத்து நிமிடம் தருகிறோம்.

திங்கள் மாலை ஒத்திகை பார்க்க நினைத்தார்கள். தாயை இழந்த மகனாக விஜய் உட்கார்ந்தான்.

"க்கா, நான் அழுவட்டுமா, இல்ல ஸ்காட்லாந்து மாதிரி உம்முன்னு இருக்கட்டுமா?"

"சும்மா இருடா," என்றாள் அஞ்சலாட்சி. சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கிளம்பும் இடம் வந்ததும் எழுந்து நின்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விஜய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"உடுங்கக்கா. எங்கம்மா நல்லாத்தான் இருக்கா, மீன் வித்துக்கினு. இது சும்மா நடிப்பு."

"நடிப்புக்கு வேணான்டா. ஒங்கம்மா நல்லாருக்கட்டும்." பிறகு ஜூலியனிடம் திரும்பினாள். "சொல்றதுன்னா அங்க ஒரு தடவ சொல்றேன் சார். பழகிப் பாக்க மாட்டேன்."

அவளை வற்புறுத்தலாமா என்று ஜூலியன் யோசித்தான். பழகினால் பயம் போய்விடும் என்று ஒரு ஆசிரியன் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை ஐலா நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்கள் ஊரில் எப்படி என்று எனக்குச் சொல்லுங்கள்."

அஞ்சலாட்சி தன் ஆங்கிலத்தில் சொன்னாள். ஜூலியன் எழுதிக்கொடுத்த வாக்கியங்கள் எதையும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இறந்தவர் வீட்டிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொன்னால், நாங்கள் திரும்பி வருவதற்கு இன்னொரு சாவு நடக்க வேண்டும் என்று ஆகிவிடும். அதனால் சொல்லமாட்டோம். அன்றைக்கு நான் அவரை விட்டுப் போகவில்லை. அவர் வீட்டுக்கு இன்னொன்று வரக்கூடாது என்று பேசாமல் போனேன்.

ஐலா ஹ்யூவைப் பார்த்தார். ஹ்யூ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்காட்லாந்தில் மழை பெய்துகொண்டிருந்திருக்க வேண்டும்; அவர்களுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் சாம்பல் நிறத்தில் வழிந்தது.

"புரிகிறது," என்றார் ஐலா. "ஆனால் எங்கள் மக்களுக்கு அது தெரியாது. அம்மாவை இழந்த ஒருவர், நீங்கள் திரும்பி வருவீர்களா என்று தெரியாமல் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் கேட்பது ஒன்றுதான். உங்களால் அவருக்காக அதைச் சொல்ல முடியுமா?"

"எனக்குத் தெரியவில்லை. இதுவரை சொன்னதில்லை," என்றாள் அஞ்சலாட்சி.

அந்தப் பதில் போதாது என்று ஜூலியனுக்குத் தெரிந்தது. ஜன்னலோரத்திலிருந்து எழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தான். ஐலா காத்திருந்தார். ஹ்யூ, யாரும் கேட்காமலே, நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்து, கைகளைக் கோர்த்து, தலையைக் குனிந்துகொண்டார். "நன்றி," என்றார் மறுபடியும். "உங்களுக்கு வேறு வேலைகள் இருக்கும்."

அஞ்சலாட்சி எழுந்தாள். எழுந்தவள் நடக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொள்வாள் என்று ஜூலியன் எதிர்பார்த்தான், மூடவில்லை. ஹ்யூவின் குனிந்த தலையைப் பார்த்தபடியே, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் இப்போது போகிறேன். இதே தளத்தில்தான் இருப்பேன். நான் திரும்பி வருவேன்."

பிறகு நடந்து போய்ச் சுவரோரம் நின்றாள்.

ஹ்யூ தலையை நிமிர்த்தினார். அவர் நடித்தாரா இல்லையா என்று ஜூலியனால் சொல்ல முடியவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து அவர், "சரி," என்றார்.

அவள் வந்து உட்கார்ந்ததும் ஐலா கேட்டது வேறொன்று. ஆகஸ்டில் வேலைக்குச் சேர முடியுமா? மகளை அழைத்து வருவது பற்றி அங்குள்ள அலுவலகம் தனியாக எழுதும். அஞ்சலாட்சி முடியும் என்றாள், நன்றி என்றாள். இம்முறை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். திரை கறுத்தது.

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த சிவசங்கரி உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடிச்சிட்டீங்க! ஸ்வீட்டு வாங்கியாரச் சொல்றேன், இருங்க!" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனாள்.

அஞ்சலாட்சி கைப்பையிலிருந்து போனை எடுத்திருந்தாள். அண்ணன் வீட்டு எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அமைதியான அந்த அறையில் அது ஜூலியனுக்கும் கேட்டது. யாரும் எடுக்கவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள். தவளக்குப்பத்தில் பள்ளி விட்டிருக்கும் நேரம். சைக்கிளில் சந்திப்புக்கு வந்து, அப்பா அடிபட்ட அந்தக் கடலூர் சாலையைத்தான் துர்கா கடக்க வேண்டும்.

வழக்கங்களைப் பற்றி வகுப்பில் பேசும்போது, மேல்சட்டை மாதிரி, குளிருக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என்று ஜூலியன் பலமுறை சொல்லியிருக்கிறான். இப்போது அவன் அவளைப் பார்த்து ஏதாவது சொல்ல விரும்பினான். ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். அவளுக்கே அது தெரியும். அவனும், என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன்பே, அந்த மணியோசையை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க ஆரம்பித்திருந்தான்.

மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள்.

"துர்காவா?"

"ஆமாம்மா. இன்னாம்மா? சைக்கிள் வெச்சிட்டு வரதுக்குள்ள அடிச்சிக்கினே கெடக்குது."

"வூட்டுக்கு வந்துட்டியா?"

"வூட்லதான் இருக்கேன். ஏன், இன்னா ஆச்சு? வேல கெடச்சிதா?"

அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்தாள்.

"சாப்ட்டியா நீ?" என்றாள்.